மாட்டுக் கொத்துக்கறி: ஒரு வதக்கலில் இரண்டு இரவு உணவுகள்
கொத்துக்கறியில் ஈரம் இருந்தால் அது வதங்காமல் வெந்துவிடும் என்பதால், அகன்ற இரும்புச் சட்டியை நன்கு காயவைத்து, கறியைப் பரப்பி, அடிப்பக்கம் சிவக்கும்வரை கிளறாமல் விட வேண்டும். பிறகு சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள், சோம்புத்தூள், கறிவேப்பிலை சேர்த்து நீர் வற்றும்வரை வதக்கவும். கொழுப்பு மிகுந்த கறியென்றால் எண்ணெயே தேவைப்படாது. கொத்தும்போது மேற்பரப்பின் கிருமிகள் உள்ளேயும் கலந்துவிடுவதால், கறி எங்கும் சிவப்பு தங்காமல் வேக வேண்டும்.

முதல் நாள் இதை முட்டைத் தோசையின் மேல் பரப்பி மடித்துக் கொடுக்கலாம். மீந்ததை உடனே குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் பொட்டுக்கடலை மாவு, தேங்காய்த் துருவல், ஒரு முட்டை ஆகியவற்றுடன் மிக்ஸியில் அரைத்து, கோலா உருண்டையாகப் பொரிக்கலாம். ஆட்டுக்கறிக் கோலாவைவிட இது சற்று அழுத்தமாக இருக்கும். எனக்கு அதுவே பிடித்தம். மாவு கூடினால் உருண்டை வறண்டுவிடும்.