சொந்த மெயில் சேர்வர்: அமைக்கும்போதே நுழைந்துவிடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் தலைமை அலுவலகம், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கிளைகள், ஐம்பது அறுபது ஊழியர்கள். இந்த அளவுள்ள நிறுவனம் தன் மெயிலைத் தானே நடத்த முடிவெடுத்தால், மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸையும், அதைப் பெட்டிகளில் வைத்து ஊழியர்களுக்குக் காட்டும் டவ்கொட்டையும் நிறுவுவது அரை நாள் வேலைதான். ஒரு மெயில் ஜிமெயிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். கீழே சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை அந்த முதல் மெயிலைத் தடுக்காதவை. தேடிப் பார்த்தால் மட்டுமே தெரியும். அதனால் பார்க்கும் வழியையும் இயன்றவரை சேர்த்தே சொல்கிறோம்.

முதலாவது, இணைப்பு. வீட்டுப் பாவனைக்குரிய ஃபைபர் அல்லது 4ஜி இணைப்பின் பின்னால் மெயில் சேர்வர் வைக்கவே கூடாது. அங்கே ஐ.பி. முகவரி மாறிக்கொண்டிருக்கும். பல வேளைகளில் உங்களுக்கென்று தனியான பொது முகவரியே இராது. ஸ்பாம் தடுப்புப் பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் இப்படி மாறும் முகவரிகளைத் தனிப் பட்டியலாக வைத்திருக்கிறது. அதைப் பார்க்கும் சேர்வர்கள் உங்கள் மெயிலை வாசலிலேயே திருப்பிவிடும். வணிக இணைப்பும் நிலையான ஐ.பி.யும் எடுங்கள். எடுக்கும்போதே, அந்த ஐ.பி.க்கு உரிய பெயரைச் சொல்லும் பி.டி.ஆர். பதிவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் டொமைனின் பதிவுகளை எழுதும் பலகத்தில் அதை நீங்களே எழுத முடியாது, அந்த ஐ.பி.யை வைத்திருக்கும் இணைப்பு நிறுவனம்தான் எழுத வேண்டும். ஐ.பி.யைத் தேடினால் சேர்வரின் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைத் தேடினால் அதே ஐ.பி. வர வேண்டும், சேர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் ஹெலோ பெயரும் அதுவாகவே இருக்க வேண்டும். புதிய வகை ஐ.பி. முகவரியான ஐ.பி.வி6 வழியையும் பாருங்கள். ரூட்டர் தானாகவே ஒரு ஐ.பி.வி6 முகவரியைக் கொடுத்து, அதற்குப் பி.டி.ஆர். இல்லாவிட்டால், ஜிமெயிலுக்குப் போகும் மெயில்களில் சில மட்டும் திரும்பி வரும். காரணம் புரியாமல் நாட்கள் போகும். தேவை இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸைப் பழைய வகையான ஐ.பி.வி4இல் மட்டும் ஓட விடுங்கள்.

இரண்டாவதுதான் மிக ஆபத்தானது: யார் வேண்டுமானாலும் உங்கள் சேர்வர் வழியாக வெளியே மெயில் அனுப்பக்கூடிய ‘ஓப்பன் ரிலே’. வேண்டுமென்று யாரும் இப்படித் திறந்து வைப்பதில்லை. மற்றச் சேர்வர்களிலிருந்து மெயில் வரும் 25ஆம் போர்ட்டை ரூட்டரில் உள்ளே திருப்பிவிடும்போது, சேருமிடத்தை மட்டும் மாற்றாமல் இணைப்பு எங்கிருந்து வந்தது என்று காட்டும் ஐ.பி. முகவரியையும் சேர்த்து மாற்றும்படி விதி எழுதப்பட்டுவிடும். அதன் பிறகு உலகத்தின் எந்த மூலையிலிருந்து வரும் இணைப்பும் சேர்வருக்கு 192.168.1.1 என்ற ரூட்டரின் முகவரியாகவே தெரியும். போஸ்ட்ஃபிக்ஸின் ‘மைநெட்வேர்க்ஸ்’ வரியில் அலுவலக வலையமைப்பின் முழு வரம்பான 192.168.1.0/24 இருந்தால், அந்த வரம்பிலிருந்து வருபவர் எல்லோரும் நம் ஆட்கள் என்று அது எண்ணி, கடவுச்சொல் கேட்காமல் அனுப்பிவிடும். ஸ்பாம் அனுப்புபவர்கள் இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுப்பதில்லை, உங்கள் ஐ.பி. கறுப்புப் பட்டியலுக்குப் போய்விடும்.

மெயில் லொக்கைத் (பதிவேட்டைத்) திறந்து, வெளியிலிருந்து வரும் இணைப்புகள் எந்த முகவரியோடு பதிவாகின்றன என்று பாருங்கள். எல்லா வரியிலும் அதே 192.168.1.1 இருந்தால் கோளாறு இதுதான். உள்ளே வரும் விதியிலிருந்து, இணைப்பு வந்த முகவரியை மாற்றும் பகுதியை நீக்குங்கள். ‘மைநெட்வேர்க்ஸை’ சேர்வரை மட்டுமே குறிக்கும் 127.0.0.0/8 வரை சுருக்கி, அலுவலகத்துக்குள் இருப்பவர்களையும் கடவுச்சொல்லோடு 465 அல்லது 587ஆம் போர்ட் வழியாகவே அனுப்ப வையுங்கள். ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் போட்டோக்கொப்பி இயந்திரத்துக்காக முழு வலையமைப்பையும் திறந்துவிடுவது வழக்கம். அதற்கென்று ஒரு தனிக் கணக்குப் போதும். பிறகு வெளியே உள்ள வேறொரு சேர்வரிலிருந்து 25ஆம் போர்ட்டுக்கு இணைந்து, உங்களுடையது அல்லாத ஒரு முகவரிக்கு அனுப்ப முயலுங்கள். 554 அல்லது 454 என்று மறுக்க வேண்டும். அந்த முகவரியை ஏற்று 250 வந்தால் அப்போதே போர்ட்டை மூடுங்கள்.

ஸ்பாம் தடுக்கப் போய் எல்லா மெயிலையும் தடுத்துவிடுவதும் நடக்கிறது. பெயர்களையும் முகவரிகளையும் தேடித் தரும் டி.என்.எஸ். ஆகக் கூகுளின் பொதுச் சேவையான 8.8.8.8ஐச் சேர்வருக்குக் கொடுத்துவிட்டு ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைக் கேட்டால், பொது டி.என்.எஸ். வழியாக வந்த கேள்வி என்பதால் அது 127.255.255.254 என்று பிழைக் குறியீடு அனுப்பும். பதில் வந்தாலே அந்த முகவரி பட்டியலில் உள்ளது என்று எடுத்துக்கொள்ளும் அமைப்பில், வாடிக்கையாளர் மெயில் அத்தனையும் மறுக்கப்படும். மெயில் சேர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த டி.என்.எஸ். ரிசோல்வர் ஒன்றை ஓட விடுங்கள்.

அடுத்து எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க்: உங்கள் பெயரில் வரும் மெயில் உங்களுடையதுதானா என்று பெறுபவர் சரிபார்க்க டி.என்.எஸ்.இல் எழுதும் பதிவுகள். உங்கள் பெயரில் எந்தச் சேர்வர்கள் அனுப்பலாம் என்று எஸ்.பி.எஃப். சொல்லும், டிகிம் மெயிலில் இடும் மின் கையொப்பத்துக்கானது, இவை பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று டிமார்க் சொல்லும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநர் யாராயினும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கின்றன. தங்கள் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயில் அளவில் அனுப்புபவர்களிடம் ஜிமெயில் மூன்றையும் கேட்கிறது. நிறுவனங்கள் தடுக்கிவிழும் இடங்கள் வழமையானவை. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம், புதிய சேவை எடுக்கும்போது இரண்டாவது பதிவைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. அந்த ஒரு பதிவும் 10 டி.என்.எஸ். தேடல்களைத் தாண்டக் கூடாது. கணக்கியல் மென்பொருள், விளம்பர மெயில் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க அது சத்தமில்லாமல் தாண்டிவிடும். டிகிம் சாவியை 2048 பிட்டில் எடுங்கள். ஆனால் டி.என்.எஸ்.இல் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் போகாது; சில டொமைன் பலகங்கள் மிச்சத்தை வெட்டிவிடும். ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, அதன் மூல வடிவத்தைத் திறந்து, மூன்றுக்கும் ‘பாஸ்’ என்று வந்திருக்கிறதா எனப் பாருங்கள். டிமார்க்கை எடுத்த எடுப்பில் ‘ரிஜெக்ட்’ (மறுத்துவிடு) ஆக வைக்காதீர்கள். சில வாரங்கள் ‘நன்’ (எதுவும் செய்யாதே) நிலையில் அறிக்கைகளை வாங்கிப் படித்தால், உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் மறந்துபோன மென்பொருள்கள் வெளியே வரும். அவற்றைச் சரிசெய்துவிட்டு ‘குவாரண்டீன்’ (ஸ்பாம் பெட்டிக்குத் தள்ளு), பிறகு ‘ரிஜெக்ட்’. பலர் ‘நன்’இலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். அது போலி மெயிலைத் தடுக்கச் சொல்வதில்லை.

மெயில் பெட்டிகளையும் வெளி உலகோடு பேசும் சேர்வரையும் ஒரே இயந்திரத்தில் வைப்பதைத் தவிருங்கள். 25ஆம் போர்ட்டில் வரும் இணைப்புகளை ஏற்கும் சேர்வர் (கேட்வே) பயர்வோலின் தனிப் பகுதியில் இருக்கட்டும். பெட்டிகள் உள்ளே இருக்கட்டும். நிர்வாகப் பக்கம் வி.பி.என். வழியாக மட்டுமே திறக்க வேண்டும். ஊழியர்களுக்கு, மெயில் வாசிக்க 993ஆம் போர்ட்டும் அனுப்ப 465ஆம் போர்ட்டும் போதும். மெயில் வாசிக்கும் பழைய போர்ட்டுகளான 110ஐயும் 143ஐயும் மூடிவிடலாம். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதும் டவ்கொட்டை ரீலோட் செய்ய மறந்தால், வட்டில் புதியது இருக்க, ஊழியர்களுக்குக் காலாவதியான பழையதே போகும்.

கணக்குப் பிரிவுக்கு ஒரே முகவரி, நான்கு பேருக்கு ஒரே கடவுச்சொல், அவர்களில் ஒருவர் வெளிநாடு போன பிறகும் அதே கடவுச்சொல்: இது நம் அலுவலகங்களில் சாதாரணம். ஆளுக்கொரு கணக்குக் கொடுத்து, பொதுப் பெட்டியை அவர்களோடு பகிருங்கள். வெப்மெயிலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வையுங்கள். ஒரு கணக்கிலிருந்து மணிக்கு 100 மெயிலுக்கு மேல் போனால் நிறுத்தச் சொல்லுங்கள். கடவுச்சொல் களவு போனாலும் வெளியே போகும் ஸ்பாம் அதோடு நிற்கும். கணக்குக்குள் புகுந்தவர் முதலில் செய்வது, பெரும்பாலும், வெளிமுகவரி ஒன்றுக்குத் தானாக அனுப்பும் விதியை எழுதுவதுதான். அந்த விதிகளை மாதம் ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று விநியோகஸ்தரிடமிருந்து மெயில் வந்தால், பழைய தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது.

பிரதியெடுப்பில் அலட்சியம் என்ன செய்யும் என்பதை 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க கிளவுட் மீது நடந்த, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தாக்குதல் காட்டியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள் போயின. ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கே ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மெயில் சேர்வர் மென்பொருள். மைக்ரோசொஃப்ட் அதற்கான ஆதரவை அந்த ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. வலையமைப்போடு இணைந்திருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 ஒக்டோபர் 14இல் ஆதரவு முடிந்தது. இன்னும் அவற்றை ஓட்டுபவர்கள் மாற்றும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும். பிரதியில் ஒன்றை வவுனியாக் கிளைக்கு இரவில் அனுப்புங்கள். பிரதியை அனுப்பும் கணக்குக்குச் சேர்க்க மட்டுமே உரிமை, அழிக்க உரிமை இல்லை என்று அமையுங்கள்; போர்க் போன்ற பிரதியெடுக்கும் கருவிகளில் இது முடியும். இன்னொன்று கழற்றி வைத்த வட்டில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டியை வேறு இயந்திரத்தில் மீட்டுத் திறந்து படித்துப் பாருங்கள்.

மின்வெட்டுக்குப் பயந்து டொமைனுக்கு வரும் மெயிலைப் பெறும் இரண்டாவது (எம்.எக்ஸ்.) சேர்வரை மலிவாக எங்கோ வைப்பதும் தேவையற்றது. சேர்வர் சில மணி நேரம் நின்றால் மெயில் தொலையாது. அனுப்பும் சேர்வர்கள் வழமையாக நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். கவனிக்காத இரண்டாவது எம்.எக்ஸ்.தான் ஸ்பாம் நுழையும் வாசலாகிறது. அந்தப் பணத்தில் யு.பி.எஸ். பற்றரியை நேரத்துக்கு மாற்றுங்கள். ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய பாதியாகும். ஏசி இல்லாத அறையில் நம்மூர் வெயிலுக்கு அது பெட்டியில் எழுதியிருக்கும் காலம் நிற்காது. ரூட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அதே யு.பி.எஸ்.இல் இணையுங்கள். பற்றரி இறங்கும்போது சேர்வர் தானாக ஒழுங்காக அணைய, யு.பி.எஸ்.இன் யு.எஸ்.பி. கேபிளைப் பொருத்தி நட் மென்பொருளை நிறுவுங்கள். மின் வந்ததும் முதலில் டி.என்.எஸ்., பிறகு பாவனையாளர் கணக்குச் சேர்வர், கடைசியில் மெயில் என்ற ஒழுங்கில் அவை எழும்ப வேண்டும். ஒழுங்கு மாறினால், பாவனையாளர் பட்டியலை வாசிக்க முடியாமல், போஸ்ட்ஃபிக்ஸ் வரும் மெயில்களைத் தற்காலிகப் பிழை சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும்.