கால் டக் வாங்கும்போது நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

கால் டக் என்று முதலில் கேட்டபோது நான் வாத்தின் காலைத்தான் பார்த்தேன். குட்டையாக, ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, இது கூப்பிடுகிற 'கால்'. பழைய நாளில் நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் குளத்திலிருந்து வளைந்து குறுகிப் போகும் வாய்க்கால் வெட்டி, அதன்மேல் வலை கட்டிக் காட்டு வாத்துகளைப் பிடிப்பார்கள். கத்திக் கத்தி அவற்றை உள்ளே வரவழைக்க வளர்த்த குட்டி வாத்து இது. பக்கிங்ஹாம்ஷயரில் போர்ஸ்டால் என்ற இடத்தில் அப்படியொரு குளம் இன்னும் இருக்கிறது. எடையிலும் 'கால்' பொருந்தும் என்று நினைத்தேன். ஆனால் நான்கு கிலோ பெக்கின் வாத்தோடு பார்த்தால் இது கால் பங்குகூடத் தேறாது. ஆண் 700 கிராம், பெட்டை 600 கிராம் தாண்டினால் பெரிசு என்பார்கள்.

கூப்பிடுவதற்கென்றே வளர்த்த பறவை சும்மா இருக்குமா? பெட்டை கத்தினால் நான்கு வீடு தள்ளிக் கேட்கும். லிங்கன்ஷயரில் எங்கள் தெருவில் வீடுகள் தள்ளித்தள்ளி இருப்பதால் பிழைத்தேன். ஒட்டிய வீட்டில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அப்புறம், 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் முற்றத்தில் ஒரே ஒரு வாத்து வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பறவைக் காய்ச்சல் பரவினால் உள்ளே அடைக்கச் சொல்லி உத்தரவு வரும். அதனால் மேலேயும் மூடிய கூண்டு ஒன்று முதலிலேயே வேண்டும். நரிக்கும் அதுவேதான் பதில்.

வாங்குவது அக்டோபர், நவம்பரில் இருக்கட்டும். நான் ஜூலையில் வாங்கி ஏமாந்தேன். மல்லார்ட் என்ற காட்டு வாத்தின் நிறத்தில் இரண்டு. இரண்டும் பெட்டை என்றார் விற்றவர். செப்டம்பர் கடைசியில் ஒன்றின் தலை பச்சையாக மின்ன ஆரம்பித்தது. கோடையில் ஆண் வாத்து பச்சைத் தலையை உதிர்த்துவிட்டுப் பெட்டை மாதிரியே பழுப்பாக நிற்கும். வாலில் சுருண்டிருக்கும் இறகும் விழுந்துவிடும். அப்போது நம்ப வேண்டியது காதை. மெதுவாகக் கையில் எடுங்கள். 'குவாக்' என்று ஊரைக் கூட்டினால் பெட்டை. தொண்டை கட்டியதுபோல் கரகரத்தால் ஆண்.

அடுத்து தலை. பந்துபோல் உருண்டை, தூக்கிய நெற்றி, உப்பிய கன்னம், குட்டையான அகன்ற அலகு. அலகு நீண்டிருந்தால் அது சாதாரணக் குட்டி வாத்துதான், என்ன நிறமாக இருந்தாலும்.

இனி நிறம். வெள்ளையும் மல்லார்ட்டும் பழையவை. கோழி, வாத்து இனங்களுக்கான அமெரிக்காவின் 1874 தர நூலிலேயே இரண்டும் உண்டு. இப்போது கறுப்பு, நீலம், சாக்லேட், பஃப் என்ற வெளிர்மஞ்சள் பழுப்பு, வெள்ளையில் கறுப்புத் தொப்பி வைத்த மாக்பை என்று பட்டியல் நீளும். நீலத்தில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். நீலத்தோடு நீலம் சேர்த்தால் எல்லாம் நீலமாக வராது; சராசரியாகப் பாதி நீலம், கால்வாசி கறுப்பு, கால்வாசி வெளிறிய வெள்ளி. எல்லாமே நீலமாக வேண்டுமென்றால் அந்த வெளிறிய வெள்ளியைக் கறுப்போடு சேர்க்க வேண்டும். அதனால் கண்காட்சியில் யாரும் திரும்பிப் பார்க்காத வெள்ளியைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்குங்கள். வெள்ளை வாத்து உள்ளே என்ன நிறத்தை ஒளித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதை வேறு நிறத்தோடு சேர்த்து வைத்துவிட்டு என்னிடம் கேட்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது சாக்லேட். அது பாலினத்தோடு ஒட்டி வரும் நிறம். சாக்லேட் ஆணைக் கலப்பில்லாத கறுப்புப் பெட்டையோடு விட்டால் பெட்டைக் குஞ்சுகள் எல்லாம் சாக்லேட், ஆண் குஞ்சுகள் எல்லாம் கறுப்பு. பிறந்த அன்றே பிரித்துவிடலாம். ஜோடியை மாற்றிப் போட்டால் எல்லாமே கறுப்புதான்.

வளர்ப்பில் சிரமம் அதிகமில்லை. மூக்குத் துளை முங்குகிற ஆழத்தில் தண்ணீர் வேண்டும். கோழிக் குஞ்சுத் தீவனம் மட்டும் போட்டால் நியாசின் என்ற வைட்டமின் போதாமல் கால் வளையும். ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கொஞ்சம் தூவிக் கொடுங்கள். உடம்பு சின்னது என்பதால் நன்றாகவே பறக்கும். ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் வெட்டுங்கள், ரத்தம் ஓடும் இளம் இறகைத் தொடாமல். ஒரு பெட்டைக்கு ஒரு ஆண் போதும். ஆண்கள் அதிகமானால் பெட்டையின் பின்கழுத்தில் ஒரு இறகு மிஞ்சாது.

கஷ்டம் பொரிப்பில்தான். நாம் ஆசைப்பட்ட குட்டை அலகு ஓட்டை உடைக்கத் திணறும். முதல் வருடம் ஏழு முட்டையில் நான்கு குஞ்சு உள்ளேயே செத்தன. அதன்பிறகு இப்படிச் செய்கிறேன். முட்டைகளைப் பொரிப்புப் பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸில் வைத்து, 24ஆம் நாளிலிருந்து தினமும் இருட்டில் டார்ச் பிடித்துப் பார்க்கிறேன். அகன்ற முனையில் வெளிச்சமாகத் தெரிவது காற்றறை. அதற்குள் அலகின் நிழல் குத்தி அசைந்தால் குஞ்சு மூச்சுவிடத் தொடங்கிவிட்டது. அங்கிருந்து ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கிறேன். வெளியே விரிசலே விழவில்லையென்றால், கொதிநீரில் போட்டெடுத்த ஊசியைக் காற்றறைக்கு மேலே ஓட்டில் வைத்துத் திருகி, கடுகளவு துளை. காற்றுக்கு அவ்வளவு போதும். ஓட்டை உரிக்கக் கை பரபரக்கும், கூடாது. சவ்வில் ரத்த நாளம் சிவப்பாகத் தெரியும்வரை மஞ்சள் கரு இன்னும் உள்ளே போய் முடியவில்லை என்று அர்த்தம்.

போன ஏப்ரலில் என் சாக்லேட் ஆண், கறுப்புப் பெட்டை ஜோடியின் கடைசி முட்டைக்கு இரவு பதினொரு மணிக்குத் துளை போட்டேன். காலையில் பார்த்தால் முட்டை ஓட்டை மூடிபோலத் தள்ளிவிட்டுக் குஞ்சு கிடந்தது, ஈரத்தில் கரித்துண்டு மாதிரி. மதியம் காய்ந்ததும் பழுப்பு. அப்படியானால் பெட்டை. இரண்டு மாதத்தில் குரல் உடைந்துவிடும். பக்கத்து வீட்டுக்கு இனி ஆறு முட்டைக்குப் பதில் பத்தாகக் கொடுக்க வேண்டியதுதான்.