'கரணம்': மேற்கோள் காட்டும் முன் கவனிக்க வேண்டியவை

தொல்காப்பியத்தில் மண வாழ்வைப் பேசும் பகுதியான கற்பியலில் வரும் 'கரணம்' திருமணச் சடங்கைக் குறிக்கும். செய்கை என்பதே அதன் அடிப்படைக் கருத்து. இந்தச் சொல்லை மேடையிலும் கட்டுரையிலும் அரைகுறையாக எடுத்தாள்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அழைப்பிதழில் அச்சிடும் 'சுபயோக சுபகரணம்' இந்தக் கரணம் அன்று. அது பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகளுள் ஒன்று, திதியில் பாதி. இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

அதிகம் சண்டை மூட்டுவது இந்த நூற்பா: "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப". பொய்யும் வழுவும் தோன்றிய பிறகு ஐயர் கரணத்தை வகுத்தார்கள் என்பது இதன் பொருள். இங்குள்ள 'ஐயர்' என்பதை இன்றைய சாதிப் பெயராக வாசித்துவிட்டு ஒரு சாரார் பெருமைப்படுகிறார்கள், மறுசாரார் கொதிக்கிறார்கள். 'ஐ' என்றால் தலைவன். ஐயர் என்பது பெரியோரைச் சுட்டும் மரியாதைச் சொல். கலித்தொகை 39-இல், மகளின் காதலைத் தாய் 'என் ஐயர்க்கு' எடுத்துரைத்ததைத் தோழி சொல்கிறாள். அம்பையும் வில்லையும் பார்த்து, கண் சிவந்து, ஒரு பகல் முழுதும் சீறி, பிறகு இருவரிடமும் குற்றமில்லை என்று தலை சாய்க்கும் அந்த ஐயர் வேறு யாருமல்லர், குறிஞ்சி நிலத்துப் பெண்ணின் அண்ணன்மார். பொய், வழு ஆகியவற்றுக்கும் நாமாகப் பொருள் கற்பிக்க வேண்டியதில்லை. செய்ததை மறைத்தல் பொய், செய்ததில் நிலைத்து நில்லாமல் தப்பி ஒழுகுதல் வழு என்று தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணர் தெளிவாகவே உரைத்திருக்கிறார்.

சங்க காலத்துக் கரணம் எப்படி இருந்தது என்பதற்கு அகநானூறு 86 காட்டப்படும். உழுந்துக் களி, மணல் பரப்பிய பந்தல், தலையில் குடம் ஏந்திய முதுபெண்டிர். மகனைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை வாழ்த்தி, நீரோடு பூவும் நெல்லும் சொரிகிறார்கள். புரோகிதரும் தீயும் அங்கில்லை. அதை வைத்து, சங்கப் பாடல்களில் தீவலமே கிடையாது என்று அடித்துச் சொல்வதும் பிழைதான். தாமரையைச் சுற்றித் திரியும் அன்னத்துக்கு, மணநாளில் எரிவலம் வரும் அந்தணனைக் கலித்தொகை 69 உவமை ஆக்குகிறது.

பெற்றோர் சம்மதம் இல்லாத மணம் தமிழ் மரபே அல்ல என்பவர்கள், "கொடைக்குரி மரபினோர் கொடுப்பக் கொள்வதுவே" (பெண்ணைக் கொடுக்க உரியவர் கொடுக்க, மணமகன் ஏற்பது) என்று முடியும் கற்பியலின் முதல் நூற்பாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்ததையும் படியுங்கள்: "கொடுப்போ ரின்றியும் கரணம் உண்டே, புணர்ந்துடன் போகிய காலை யான". காதலர் வீட்டாருக்குத் தெரியாமல் உடன்போக்கு சென்றபோது, கொடுப்பவர் இல்லாமலே கரணம் நடக்கும் என்கிறது தொல்காப்பியம்.