ஸ்பிட்ஃபயர் ஆயில் சிந்தினால்: சீலும் கேஸ்கெட்டும் குறைந்த செலவில் தேடுவது எப்படி

என்னிடம் இருப்பது 1978-ஆம் ஆண்டு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார், 1500 எஞ்சின். இங்கிலாந்தில், கவென்ட்ரி பக்கத்துக் கான்லி ஆலையில் பிறந்த வண்டி. நான் குடியிருப்பது அங்கிருந்து பத்து மைல் தூரத்தில்தான். வாங்கிய முதல் இரவு வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் மூன்று இடத்தில் ஆயில் வட்டம். கராஜில் கேட்டேன். எண்ணூறு பவுண்டுக்குக் குறையாது என்றார்கள். கடைசியில் பொருளுக்கு மட்டும் எண்பது பவுண்ட் செலவழித்து, நானே ஒன்றரை மாத வார இறுதிகளில் முடித்தேன். எங்கே வாங்கினேன், எதை வாங்காமல் வீட்டிலேயே செய்தேன், எதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது என்பதைச் சொல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன்னால், எஞ்சினின் மேல் மூடியான ராக்கர் கவரிலிருந்து கார்ப்பரேட்டர் பக்கம் போகும் பிரீத்தர் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளிவிடும். என் வண்டியில் அந்தக் குழாய்க்குள் தார் மாதிரிக் கறுப்புச் சேறு பாதிக்கு மேல் அடைத்திருந்தது. பழைய டூத் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், அரை மணி நேரம். மூன்று வட்டத்தில் ஒன்று அதோடு பாதியாகச் சுருங்கியது. அப்புறம் எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் தூவி, பத்து மைல் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், பவுடர் எந்த இடத்தில் முதலில் நனைந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. ஆயில் கீழே இறங்கும், காற்றில் பின்னால் பறக்கும். அதனால் சொட்டும் இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பிட்ஃபயரில் முன்பகுதி முழுவதும் அப்படியே முன்பக்கமாகத் திறந்துகொள்ளும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைச் சுற்றிப் பார்க்கலாம். இந்த வசதி வேறு எந்தப் பழைய காரிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, என்ன மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அடுத்தது தேடல். இங்கே பலர் செய்யும் தவறு, வண்டியின் பெயரைச் சொல்லித் தேடுவது. எஞ்சினைச் சொல்லித் தேடுங்கள். இந்த 1493 சிசி எஞ்சின் ஸ்பிட்ஃபயருக்கு மட்டும் போடப்பட்டதல்ல. 1974-ன் கடைசியிலிருந்து வந்த எம்ஜி மிட்ஜெட் 1500 காரிலும், ட்ரையம்ஃப் டாலமைட் 1500 காரிலும் இதே குடும்பம்தான். ஒரே கேஸ்கெட்டை, அதாவது இரண்டு பாகம் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்க வைக்கும் அடைப்பை, மிட்ஜெட் என்று எழுதி ஒரு விலைக்கும், டாலமைட் என்று எழுதி வேறு விலைக்கும் விற்பதை நானே பார்த்திருக்கிறேன். பாகங்களின் பட்டியல் புத்தகத்திலிருந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் இந்த வித்தியாசம் உடனே கண்ணில் படும். இன்னொன்று, ஐம்பது வருஷ வண்டியில் எஞ்சின் எத்தனை கை மாறியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பதிவுப் புத்தகத்தை நம்பாமல் எஞ்சின் பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணை நேரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வண்டிகளுக்கென்றே இருக்கும் கடைகளில் ரிம்மர் பிரதர்ஸ், கான்லி கிளாசிக்ஸ் இரண்டையும் நான் அடிக்கடி பார்ப்பேன். ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப்பில் சேர்வதும் நல்லது. அங்கே இருப்பவர்களுக்கு எந்தக் கடைச் சரக்கு இந்த வருஷம் சரியில்லை என்பது உடனுக்குடன் தெரியும், அந்தத் தகவல் எந்தத் தள்ளுபடியையும் விடப் பெரியது. எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் தனித்தனியாக வாங்காமல் ஹெட் செட்டாக வாங்குங்கள். ஹெட் கேஸ்கெட், ராக்கர் கவர் கேஸ்கெட், மேனிஃபோல்ட் கேஸ்கெட் எல்லாம் ஒரே உறையில் வரும். ஹெட் கேஸ்கெட்டில் மட்டும் பெயர் தெரிந்த தயாரிப்புதான். நான் பேயன் போட்டேன். அதில் மிச்சம் பிடிக்கும் பத்து பவுண்ட், தண்ணீர் ஆயிலில் கலந்த அன்று ஒன்றுக்கும் உதவாது.

இனி ஆயில் சீல். சுழலும் தண்டைச் சுற்றி உட்காரும் உதடு வைத்த வளையம் இது. பழைய கார் கடையில் இதற்கு ஒரு விலை, ஊரில் இருக்கும் பேரிங் கடையில் வேறு விலை. தொழிற்பேட்டைக்குள் ஒரு பேரிங் கடை எப்படியும் இருக்கும். அங்கே காரின் பெயரே தேவையில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம், இந்த மூன்று எண் போதும். பழைய சீலின் முகத்தைத் துடைத்தால் பெரும்பாலும் எண் பொறித்திருக்கும். 35-50-8 என்று இருந்தால் 35 மி.மீ. தண்டு, 50 மி.மீ. குழி, 8 மி.மீ. அகலம். எண் அழிந்திருந்தால் பழைய சீலை அளக்காதீர்கள், அது தேய்ந்து விரிந்திருக்கும். தண்டையும் குழியையும் வெர்னியரால் அளங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. இது பிரிட்டிஷ் வண்டி, அளவுகள் அங்குலக் கணக்கில் இருக்கும். ஒன்றரை அங்குலம் என்றால் 38.1 மி.மீ. கடைக்காரர் 38 எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்குல அளவில் கேட்டால் எடுத்துத் தருவார்கள், இல்லையென்றால் வரவழைப்பார்கள்.

ரப்பரிலும் வகை உண்டு. சாதாரண நைட்ரைல் ரப்பர் நூறு டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். விட்டான் என்று சொல்லப்படும் வகை இருநூறு வரை தாங்கும். எஞ்சினுக்கு விலை கொஞ்சம் கூடினாலும் நான் விட்டான்தான் கேட்கிறேன். எஞ்சினின் முன்பக்க மூடியான டைமிங் கவரில் இருக்கும் முன் சீலை மாற்றும்போது, அதற்குள் ஓடும் புல்லியின் கழுத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் ஒழுகும். அதற்காகப் புதுப் புல்லி வாங்க வேண்டாம். எஸ்கேஎஃப் தயாரிக்கும் ஸ்பீடி-ஸ்லீவ் என்ற மெல்லிய எஃகு உறை இருக்கிறது, பள்ளத்தின் மேல் ஏற்றிவிடலாம். பள்ளம் லேசாக இருந்தால் அதுவும் தேவையில்லை. குழியில் இடம் இருந்தால் சீலை ஒன்றரை மி.மீ. முன்னே பின்னே உட்கார வைத்தால் உதடு தேயாத இடத்தில் ஓடும். என் வண்டியில் அப்படித்தான் செய்தேன், இன்றுவரை ஈரம் இல்லை. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும், உதட்டில் ஆயில் தடவாமல் போடக்கூடாது.

காகித கேஸ்கெட்டுகளை வாங்கவே தேவையில்லை. ஃப்யூவல் பம்ப், தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பம்ப், டைமிங் கவர் இதற்கெல்லாம் கேஸ்கெட் பேப்பர் தாளாகவே கிடைக்கிறது. கால் மி.மீ., அரை மி.மீ., முக்கால் மி.மீ. என்று கலந்து வரும் ஒரு கட்டு வாங்கினேன், ஆறு பவுண்ட். இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது. முதல் தடவை பழைய கேஸ்கெட்டை வைத்துப் பென்சிலால் வரைந்து கத்தரியால் வெட்டினேன், ஓட்டைகள் ஒன்றுகூடச் சேரவில்லை. அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருந்தவர். அதுவும் இதே எஞ்சின் குடும்பம்தான், 948 சிசி. "எதுக்குடா வரையறே? பேப்பரை அது மேலயே வச்சு சுத்தியலால தட்டு. ஓரமே வெட்டிக் குடுக்கும். நம்ம மெக்கானிக் அப்படித்தான் செய்வார்" என்றார்.

அடுத்த நாள் அப்படியே செய்தேன். தாளைப் பாகத்தின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் முதலில் ஒரு போல்ட் ஓட்டையின் விளிம்பில் மெதுவாகத் தட்ட வேண்டும். தாள் சுற்றிலும் வெட்டுப்பட்டு, ஒரு சின்ன வட்டம் உள்ளே விழும். அதில் ஒரு போல்ட்டைச் செருகினால் தாள் நகராது. அப்புறம் எதிர்ப்பக்க ஓட்டை, அதன் பிறகு மற்றவை, கடைசியில் வெளி விளிம்பு. ஓங்கி அடித்தால் அலுமினிய விளிம்பு நசுங்கும், அலுமினியம் என்றால் தட்டுவதோடு நிறுத்திக் கத்தியால் முடியுங்கள். பழைய கேஸ்கெட்டின் கனத்தை அளக்கும்போது போல்ட் அழுத்தாத ஓரத்தில் அளங்கள். கனம் முக்கியம். டிஸ்ட்ரிபியூட்டர் பீடத்துக்குக் கீழே இருக்கும் காகிதங்கள் கசிவைத் தடுப்பதோடு, உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் மேல்-கீழ் ஆட்டத்தையும் தீர்மானிக்கின்றன. கழற்றும்போது எத்தனை தாள் இருந்தது, என்ன கனம் என்று எழுதி வையுங்கள், அதே அளவு திரும்பப் போடுங்கள்.

ராக்கர் கவர் தகரம். போல்ட்டை இறுக்கி இறுக்கி விளிம்பு வளைந்திருக்கும். புதுக் கார்க் கேஸ்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்து, ஆடாமல் உட்காருகிறதா பாருங்கள், ஆடினால் தட்டி நேராக்குங்கள். செட்டில் வந்த கார்க் காய்ந்து சுருங்கியிருந்தால் தூக்கிப் போட வேண்டாம், கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊற வைத்தால் நீளம் திரும்பி வரும்.

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப் முன்பக்கம் ஒழுகினால் பெரும்பாலும் சம்ப் கேஸ்கெட்டின் குற்றமாக இருக்காது. முன் பேரிங் மூடிக்குக் கீழே ஒரு அலுமினியக் கட்டை பாலம் போல இருக்கும். அதன் இரண்டு முனையிலும் அடைப்பாக இருப்பது மர ஆப்பு. ஆமாம், மரம்தான். பழைய ஆப்பு கறுத்துப் பிஸ்கட் போல உதிரும். புது ஆப்பு செட்டிலேயே வரலாம், தனியாக வாங்கினாலும் சில்லறைக் காசுதான். கொஞ்சம் சீலன்ட் தடவி இரண்டு பக்கமும் மெதுவாக அடித்து இறக்கி, வெளியே நீட்டியதைக் கூரான உளியால் சம்ப் முகத்தோடு சமமாக வெட்ட வேண்டும். அலுமினியக் கட்டையின் மரை சுலபமாகப் பிய்ந்துவிடும். பிய்ந்திருந்தால் எஃகில் செய்த கட்டை விற்கிறார்கள், அதற்குத் தாராளமாகச் செலவழியுங்கள். சீலன்ட் என்றால் எனக்கு ஹைலோமார். இறுகிக் கல்லாகாது, அடுத்த தடவை கழற்றுவது சுலபம். சிலிகானை அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கியது உடைந்து ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும்.

ஸ்டோன்லியில் நடக்கும் எம்ஜி, ட்ரையம்ஃப் உதிரிபாகச் சந்தையில் ட்ரையம்ஃபின் அசல் உதிரிபாகங்கள் வந்த பழைய ஸ்டான்பார்ட் பெட்டிகளில் பிரிக்காத கேஸ்கெட் கிடைக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். இரும்பு, பித்தளைப் பாகங்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ரப்பர் வேண்டாம். நாற்பது வருஷம் பெட்டிக்குள் இருந்த சீலின் உதடு மடக்கினாலே விரிசல் விடும். பழைய ஹெட் கேஸ்கெட்டும் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பிரிட்டனில் அதை முழுமையாகத் தடை செய்தது 1999-ல்தான். உங்கள் எஞ்சினில் ஒட்டியிருப்பதும் அதுவாக இருக்கலாம், அதனால் உலர்ந்த நிலையில் சுரண்டவோ கம்பி பிரஷ் போடவோ கூடாது. நனைத்து, முகமூடி போட்டு, தனிப் பையில் கட்டி, ஆபத்தான கழிவுக்கான முறைப்படி ஒப்படையுங்கள்.

கடைசியாக, கிராங்க் தண்டின் பின்முனையில் இருக்கும் பின் சீல். இதில் மட்டும் மலிவைத் தேடி நான் அழுதிருக்கிறேன். கார்பெட்டைச் சுருட்டி, நடுவில் இருக்கும் மூடியைத் தூக்கி, கியர்பாக்ஸைக் காருக்குள் இருந்தே வெளியே எடுக்க வேண்டும். அப்புறம் கிளட்ச், ஃப்ளைவீல். இரண்டு நாள் வேலை. நான் போட்ட மூன்று பவுண்ட் சீல் ஒரு மாதத்தில் ஒழுகி, அந்த இரண்டு நாள் வேலையைத் திரும்பச் செய்தேன். நல்ல சீல், புது கேஸ்கெட், சீல் உட்காரும் அலுமினியச் சட்டத்தைக் கிராங்க் தண்டுக்குச் சரியாக நடுவில் வைத்துச் சுற்றிலும் இடைவெளி பார்த்து இறுக்குவது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நிற்கும். இதற்கெல்லாம் முன்னால் ஒரு காரியம்: யாரையாவது கிளட்சை மிதிக்கச் சொல்லி முன் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் தண்டை அப்படி நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் போய்விட்டது, இந்த எஞ்சினின் பெரிய பலவீனம் அது. சம்பைக் கழற்றும் அன்றே அதையும் மாற்றிவிடுங்கள்.

இப்போது காலையில் அட்டையில் ஒரே ஒரு பொட்டுதான், கியர்பாக்ஸின் பின்முனைக்கு நேர் கீழே. அந்தச் சீலின் மூன்று அளவையும் எடுத்து எழுதி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை பேரிங் கடை திறந்ததும் போக வேண்டும்.