கடற்கரை மணலிலிருந்து நடுக்களத்துக்கு: ராமநாதபுரம் பிள்ளைகள் மிட்ஃபீல்டர் ஆவது எப்படி

பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி பக்கம் கடற்கரையில் கால்பந்து ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்கு மூச்சுக்கும் கால் பலத்துக்கும் குறைவில்லை. வெளியூரில் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் அவர்கள் தடுமாறுவது பந்தை வாங்கும் இடத்தில்தான். மணலில் பந்து உருளாமல் நின்றுவிடும். அதனால் முதலில் பந்தை நிறுத்துவது, பிறகு தலை நிமிர்த்திப் பார்ப்பது, அதற்குப் பிறகு பாஸ் கொடுப்பது என்று கால் பழகிவிடுகிறது. புல்தரையில் அந்த இடைவெளிக்குள் எதிரணி ஆள் வந்து பந்தைப் பறித்துவிடுவான். நடுக்களத்தில் நான்கு பக்கமிருந்தும் ஆள் வருவதால் பார்ப்பது முதலில், பந்தைத் தொடுவது பிறகு என்று வரிசையை மாற்ற வேண்டும். மற்றப் பயிற்சியெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

எந்த இடத்துக்கு ஆடப் போகிறோம் என்பதையும் சீக்கிரமே யோசித்துக்கொள்ளுங்கள். பேக்குகளுக்கு (தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு) முன்னால் நின்று பந்தை மீட்டு எளிமையாகக் கொடுப்பவர் ஆறாம் எண். இரண்டு பெனால்டி பாக்ஸுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பவர் எட்டு. எதிரணியின் பேக்குக்கும் மிட்ஃபீல்டுக்கும் இடைப்பட்ட சந்தில் நின்று கடைசிப் பாஸ் கொடுப்பவர் பத்து. பதினாறு வயதுவரை மூன்றிலும் ஆடிப் பார்ப்பது நல்லது. எங்கள் கருத்தில், நம் பகுதிப் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு எட்டாம் இடம்தான் முதல் கதவு.

தோளுக்குப் பின்னால் பார்ப்பது

பந்து வருவதற்கு முந்தைய சில நொடிகளில் அதிகம் சுற்றிப் பார்ப்பவர்கள் முன்னோக்கிய பாஸ்களை அதிகம் சேர்க்கிறார்கள் என்பதை நார்வேயின் கெய்ர் யோர்டெட் போன்ற ஆய்வாளர்கள் ஆட்டப் பதிவுகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். எப்போது பார்ப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. வேறு இரண்டு பேருக்கு நடுவே பந்து போய்க்கொண்டிருக்கும்போது ஒருமுறை பாருங்கள். உங்களுக்குக் கொடுக்கப் போகிறவர் பந்தைத் தொட்டு நேர்செய்யும்போது இன்னொரு முறை. பாஸ் அவர் காலை விட்டுக் கிளம்பிய பிறகு இடைவெளி இருந்தால் மூன்றாவது முறை. பந்து கால்மாட்டுக்கு வந்த கடைசி நொடியில் திரும்பிப் பார்த்தால் பந்து கால் தாண்டிப் போய்விடும்.

பழகும் முறை இது. சுவரிலிருந்து 8 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பின்னால் 5 மீட்டரில் ஒருவர் நின்று விரல்களைக் காட்டட்டும். பந்தைச் சுவரில் அடித்து, அது திரும்பி வருவதற்குள் பின்னால் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டு, பந்தை வாங்குங்கள். 2 நிமிடம் அடித்து 1 நிமிடம் ஓய்வு, ஆறு சுற்று. ஒரு வாரம் ஆனதும் விரலுக்குப் பதிலாக அவர் இடமோ வலமோ நகரட்டும். அவர் இல்லாத பக்கம் முதல் டச்சிலேயே திரும்ப வேண்டும். கோச் பார்க்கிறார் என்பதற்காகத் தலையை மட்டும் ஆட்டும் பழக்கம் பலரிடம் உண்டு. பார்த்த எண்ணை வாயால் சொல்ல வைத்தால் அது நின்றுவிடும்.

உடம்பின் நிலையும் முக்கியம். பாஸ் கொடுப்பவரை நேருக்கு நேர் பார்த்து நின்றால் பந்தை அவரிடமே திருப்பித் தருவதைத் தவிர வழியில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்று, பந்தை உங்களைத் தாண்டி உருளவிட்டு, தூரத்துக் காலின் உட்பக்கத்தால் வாங்குங்கள். அந்த ஒரே டச்சில் முன்பக்கம் பார்த்துவிடலாம். எதிராளியின் முதுகுக்கு நேர்பின்னால் ஒளிந்து நின்றுகொண்டு கை தூக்கிக் கேட்டால் பாஸ் வராது. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே வழி திறக்கும்.

நான்கு பேருக்கு நடுவே இரண்டு பேர் என்ற வட்ட ஆட்டத்தை (சுற்றி நிற்பவர்கள் பாஸ் கொடுத்துக்கொண்டே இருக்க, நடுவில் இருப்பவர்கள் பறிக்கப் பார்ப்பது) 8 மீட்டர் சதுரத்தில், இரண்டு டச் விதியோடு ஆடுங்கள். ஆனால் அதில் திசை கிடையாது. அதனால் எதிரெதிர்ப் பக்கத்தில் செங்கல் வைத்து 2 மீட்டர் அகலத்தில் இரண்டு வாசல் அமைத்து, ஐந்து பாஸுக்குப் பிறகு வாசல் வழியாகப் பந்தை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று விதி வையுங்கள். மாட்ச் புத்தி அங்கேதான் வரும். இடது காலுக்குத் தனியாகச் சுவரில் தினம் 100 பாஸ், 6 மீட்டர் தூரத்திலிருந்து.

தரை, பந்து, பூட், காற்று

நம் பக்கத்து கிரவுண்டுகளில் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். ஆடுவதற்கு முன் எல்லோரும் வரிசையாக நடந்து பொறுக்கிவிடுங்கள்; பந்துக்கும் காலுக்கும் அதுதான் காப்பு. 13 வயதிலிருந்து 5ஆம் எண் பந்து, அதற்குக் கீழே 4. விதிப்படி பந்தின் அழுத்தம் 0.6 முதல் 1.1 பார் வரை இருக்கலாம். கட்டாந்தரையில் 0.7 பக்கம் வைத்தால் தேவையில்லாமல் எகிறாது. மொட்டைத் தரைக்கு நீளமான ஸ்டட் (பூட்டின் அடியில் உள்ள குமிழ்) வேண்டாம். குதிகாலும் கெண்டைக்கால் எலும்பும் வலிக்கும். சிறிய ரப்பர்க் குமிழ்கள் நெருக்கமாக உள்ள டர்ஃப் பூட் வாங்குங்கள். வெறுங்காலில் ஆடியவர்களுக்கு பூட் போட்டதும் டச் கெட்டுப்போகும். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே போட்டுப் பழகிவிட வேண்டும்.

மணலை விட்டுவிடச் சொல்லவில்லை. தளர்ந்த மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும் என்பதால் காலுக்கு நல்ல பலம் தரும். வாரம் இரண்டு நாள், 20 நிமிடம் போதும். அலையோரத்து ஈரமணலில் சரிவு இருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுந்து முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும். போன தூரத்தையே திரும்பி ஓடுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்றை எதிர்த்து உயரப் பந்து அடிக்காதீர்கள். தரையோடு கொடுக்கும் பாஸ் மட்டுமே நம்பத்தக்கது.

மூச்சு, வெயில், சாப்பாடு

தொழில்முறை மிட்ஃபீல்டர் ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. அதனால் நெடுந்தூர ஓட்டம் மட்டும் போதாது. வாரம் இருமுறை, பேச்சு வராத வேகத்தில் 4 நிமிடம் ஓடி 3 நிமிடம் மெல்ல ஓடுங்கள். இப்படி நான்கு முறை. இன்னொரு நாள் 30 மீட்டர் முழுவேக ஓட்டம் எட்டு, இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு. பல கிளப்புகளில் யோ-யோ சோதனை வைப்பார்கள்: 20 மீட்டர் போய்த் திரும்பி, 10 நொடி மூச்சு வாங்கி, மறுபடி, வேகம் கூடிக்கொண்டே போகும். இந்தச் சோதனையின் லெவல் 1 வகையில் மொத்தம் 2000 மீட்டரைத் தாண்டினால் ஓட்டத்தைப் பற்றிய கவலை இல்லை.

காலை ஏழுக்குள், மாலை ஐந்துக்கு மேல் பயிற்சி. முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் நீர், உப்போடு சேர்த்து உள்ளே போக வேண்டும். மோரும் நீராகாரமும் உப்புப் போட்டுக் குடித்தால் அருமையாக வேலை செய்யும். 60 கிலோ உடம்புக்கு நாளைக்கு 95 கிராம் அளவு புரதம் தேவை. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் கிடைக்கும் என்பதால் மீன் கிடைக்கிற வீட்டில் புரத மாவு டப்பா தேவையில்லை. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன் இட்லியோ சோறோ, எண்ணெய் குறைவாக.

விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள் இரவுத் தொழில் முடிந்த காலையில் கடும் பயிற்சி செய்யக் கூடாது. தூக்கமில்லாத காலில்தான் தசை கிழியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இரவு தூங்க முடியும் என்பதால் அடித்தளப் பயிற்சியை அதில் போடுங்கள். வெயிலுக்காக விடியுமுன்னே தொடங்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் காயத்தைத் தடுக்க ஃபிஃபா வகுத்த 11+ வார்ம்-அப், 20 நிமிடம். முழங்கால் திருகி, உள்ளே சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். எலும்பு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுங்கள்.

தேர்வும் தாளும்

பள்ளி அணி, பள்ளிகளுக்கான தேசியப் போட்டியான சுப்ரதோ கோப்பை, முதலமைச்சர் கோப்பை, மாவட்ட அணி என்பது வழக்கமான பாதை. விளையாட்டு விடுதிச் சேர்க்கை அறிவிப்பை ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்திலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவையுங்கள். அடுத்தது சென்னை லீக். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) போன்ற தேசிய லீக் கிளப்புகளின் கண்ணில் படுவது அங்கே எளிது. கன்னியாகுமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி கிளப்பில் ஆடி ஐஎஸ்எல்லுக்குப் போனவர். பெண் பிள்ளைகளுக்கு மதுரையின் சேது எஃப்சி பக்கத்திலேயே இருக்கிறது. 2018-19இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற அணி. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் மிட்ஃபீல்டராக ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் வேலையும் பெற்றவர். ஆட்டத்தோடு அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டையும் கணக்கில் வையுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் சிஆர்எஸ் பதிவில் (அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் பதிவு முறை) சிக்கும். வயதைக் குறைக்காதீர்கள், மணிக்கட்டு எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும், தடையும் வரும்.

தேர்வு ஆட்டத்தில் முதல் மூன்று பந்தை எளிமையாகக் கொடுங்கள், டிரிப்ளிங் (பந்தை உருட்டிக்கொண்டே ஆளை ஏய்த்துப் போவது) வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பந்து எதிரணிக்குப் போனதும் முதல் ஆளாகத் திரும்பி ஓடுங்கள். பார்க்க வந்தவர்கள் குறித்துக்கொள்வது அதைத்தான்.

கிளப்பில் இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரை அங்கேயே அனுப்பிவிடுங்கள். ஏஜென்ட் என்றால் ஃபிஃபா உரிமம் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே ஒப்பந்தம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. சம்பளம் எத்தனை மாதத்துக்கு, காயம் பட்டால் சிகிச்சைச் செலவும் சம்பளமும் யார் பொறுப்பு, தங்குமிடம், பாதியில் விலகும் விதி ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்து அப்பா அம்மாவும் கேட்கும்படி வாசித்த பிறகு கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அன்றே வாங்கி வாருங்கள்.