மலையே இல்லாத ஊரிலிருந்து எரிமலைக்கு

ராமேசுவரம் தீவிலேயே உயரமான இடம் ராமர் பாதம். அதுவும் ஒரு மணல் மேடுதான். இங்கேயே நடந்து பழகிவிட்டு, நியூசிலாந்தின் டோங்காரிரோ எரிமலைப் பாதையை ஒரே நாளில் கடந்தேன். நீங்களும் கடக்கலாம்.

அந்தப் பாதை சுமார் 20 கிலோமீட்டர். ஏழெட்டு மணி நேரம் ஆகும். நம் தீவில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். வேறென்ன வேண்டும்?

முதலில் ஷூ. அரை அளவு பெரிதாக வாங்குங்கள். நான் கச்சிதமாக வாங்கினேன். இறக்கத்தில் முட்டி முட்டிக் கட்டைவிரல் நகம் கறுத்துக் கழன்றே போனது.

முதல் வாரம் தார்ச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் போதும். வாராவாரம் இரண்டு கூட்டுங்கள். விடியலில் கிளம்பிவிடுங்கள், அந்தச் சாலையில் நிழல் கிடையாது. முதுகுப்பையில் மூன்று லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். எரிமலைப் பாதையிலும் குடிதண்ணீர் கிடைக்காது.

அப்புறம் சாலையை விட்டு மணலில் இறங்குங்கள். இதுதான் முக்கியமான பாடம். பாதையின் உச்சியான ரெட் கிரேட்டர் 1,886 மீட்டர். அங்கிருந்து மரகத ஏரிகளுக்கு இறங்கும் சரிவு முழுக்க எரிமலைச் சரளை. கால் வைத்தால் கூடவே சரியும், நம் மணல் மேடு மாதிரியே. மேட்டில் ஏறி இறங்கிப் பழகுங்கள்: குதிகாலை அழுத்தி ஊன்றி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக. பயந்து பின்னால் சாய்ந்தால் வழுக்கி உட்கார்ந்துவிடுவீர்கள். அன்று பலர் உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினார்கள். நான் நடந்தே இறங்கினேன். நகம் போனாலும் அந்தப் பெருமை எனக்குப் போகவில்லை.

ஏரித் தண்ணீரைத் தொடாதீர்கள். அங்குள்ள மாவோரி மக்களுக்கு அது புனிதம்.

குளிருக்கு மட்டும் இங்கே பயிற்சி கிடையாது. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். கச்சான் காற்று அடிக்கும்போது அரிச்சல்முனையில் நின்று பாருங்கள். அதே காற்று ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து வந்தால் எப்படி இருக்கும்? கம்பளிச் சட்டை, காற்றும் மழையும் புகாத மேலங்கி கட்டாயம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது.

2012 ஆகஸ்டில் அங்கே தே மாரி எரிமலைப் பள்ளம் வெடித்தது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தானே கடலுக்குப் போகிறோம்? அதுபோல, கிளம்பும் காலையில் எரிமலை எச்சரிக்கையையும் வானிலையையும் பாருங்கள்.

புதியவர்கள் நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் போவது நல்லது. தொடங்கும் இடம் மங்காடெபோபோ, முடியும் இடம் கெடெடாஹி. இரண்டும் வேறு வேறு என்பதால், வேன் இருக்கையை முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள்.