அமெரிக்க காங்கிரஸ் தொகுதிக்கான பந்தய விலை: வாசிப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் தேர்தல் நெருங்கும்போது கருத்துக்கணிப்புகளோடு கால்ஷி, பாலிமார்க்கெட் போன்ற முன்கணிப்புச் சந்தைகளின் (யார் வெல்வார் என்று பணம் கட்டும் இணையத் தளங்கள்) எண்களும் செய்திகளில் அடிபடுகின்றன. அதிபர் தேர்தல் சந்தையில் ஏராளமானோர் பணம் போடுகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவை, பிரதிநிதிகள் சபை. அதன் 435 தொகுதிகளில் ஏதோ ஒன்றுக்கான சந்தை அப்படியல்ல. இரண்டையும் ஒரே மாதிரி நம்புவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

முதலில் எண்ணின் பொருள். ஒரு வேட்பாளர் வெல்வார் என்று வாங்கும் பந்தய ஒப்பந்தம் 62 சென்ட் என்றால், அவர் வென்றால் 1 டாலர் கிடைக்கும், தோற்றால் ஒன்றும் கிடைக்காது. அதாவது அவர் வெல்ல ஏறத்தாழ 62 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சந்தை கருதுகிறது. அது வாக்கு சதவீதம் அல்ல. 52-48 என முடியப்போகும் தொகுதியிலும் விலை 90 சென்டைத் தொடலாம்.

அடுத்தது, எவ்வளவு பணம் புழங்குகிறது என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பது. தொகுதிச் சந்தைகள் பலவற்றில் ஆட்களே குறைவு. வாங்க வருபவர் 41 சென்ட் தருகிறேன் என்கிறார், விற்பவர் 59 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் தெரிவது நடுவிலுள்ள 50 ஆக இருக்கலாம், எப்போதோ நடந்த கடைசி வியாபாரத்தின் விலையாகவும் இருக்கலாம். அந்த நிலையில் ஒருவர் சில நூறு டாலருக்கு வாங்கினாலே விலை பத்துப் பன்னிரண்டு சென்ட் ஏறிவிடும். உடனே ‘இன்னாருக்கு ஆதரவு பெருகுகிறது’ என்று செய்தி பரவும். தொகுதியில் ஒரு வாக்காளர்கூட மனம் மாறியிருக்க மாட்டார். மொத்த வியாபாரம் எவ்வளவு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி என்ன என்று பார்க்காமல் இந்த எண்களைப் பகிரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குறைந்த வாய்ப்பைப் பூஜ்ஜியமாக நினைப்பதும் தவறு. 2022-இல் வாஷிங்டன் மாநிலத்தின் 3-ஆம் தொகுதியில் மேரி குளூசன்காம்ப் பெரெஸ் வெல்ல 2 சதவீத வாய்ப்புதான் என்றது ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளத்தின் கணிப்பு. அது சந்தை அல்ல, புள்ளியியல் மாதிரி. ஆனாலும் பாடம் அதேதான். எதிர்த்து நின்ற ஜோ கென்ட்டைப் பெரெஸ் தோற்கடித்தார். அதே தேர்தலில் கொலராடோவின் 3-ஆம் தொகுதியில், எளிதாக வெல்வார் என்று கருதப்பட்ட லாரன் போபர்ட் 546 வாக்குகளில்தான் தப்பினார். கட்சிகளும் தேசியக் கணிப்பாளர்களும் கவனிக்காத தொகுதிகளில் நல்ல கருத்துக்கணிப்பு அதிகம் இருக்காது. சந்தைக்கும் அங்கே தகவல் பஞ்சம்தான்.

தேர்தல் இரவில் விலை ஏறுவதை முடிவாக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. கலிஃபோர்னியாவில் தேர்தல் நாளுக்குள் அஞ்சலில் சேர்த்த வாக்குகள் ஒரு வாரம் வரை வந்து சேரலாம், அவையும் எண்ணப்படும். 2024-இல் அங்கே 13-ஆம் தொகுதியில் முதலில் முன்னிலையில் இருந்தவர் ஜான் டுவார்ட்டே. டிசம்பர் தொடக்கத்தில்தான் முடிவு தெரிந்தது: ஆடம் கிரே 187 வாக்குகளில் வென்றார். இப்படிப்பட்ட தொகுதியில் ‘92 சதவீதம் உறுதி’ என்று பார்த்துவிட்டு ஒருவர் வாக்களிக்கப் போகாமல் இருந்தால், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும்.

பழைய முடிவுகளை வைத்து விலையை எடைபோடுபவர்கள் தொகுதியின் எல்லையையும் பார்க்க வேண்டும். 2025-இல் டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் தொகுதிகளை மாற்றி வரைந்தன. தொகுதி எண் அதேதான், வாக்காளர்கள் வேறு.

கடைசியாக, பணம் எப்போது, எதன் பேரில் தரப்படும் என்ற விதி. பலர் இதைப் படிப்பதே இல்லை. 2018-இல் வட கரோலினாவின் 9-ஆம் தொகுதியில் மார்க் ஹாரிஸ் 905 வாக்குகள் முன்னிலை பெற்றார். அஞ்சல் வாக்கு மோசடி வெளிவந்ததால் மாநிலத் தேர்தல் வாரியம் அந்த முடிவுக்குச் சான்றளிக்கவில்லை. 2019 செப்டம்பரில் மறுதேர்தல் நடந்து, டான் பிஷப் வென்றார். இப்படி ஒரு நிலை வந்தால் பந்தயத்தை ஊடக அறிவிப்பை வைத்துத் தீர்ப்பார்களா, சான்றளிப்பை வைத்தா, பதவியேற்பை வைத்தா? பதிலைப் பொறுத்து, ஒரே தொகுதிக்கு இரு தளங்களில் இரு விலைகள் இருப்பது சரியாகவே இருக்கலாம்.